அண்ணன் முகத்துக்கு நான் செய்த எண்ணெய்

ராஜபாளையத்துக்கு மேற்கே நான் தறிக்கொட்டகை போட்ட இடம் அன்றைக்கு வெறும் உடைமரக் காடு. பாம்புப் புற்றைத் தவிர அங்கே ஒன்றும் எழும்பாது என்றார்கள். இன்றைக்கு அங்கே இருபது தறி ஓடுகிறது. ஆஸ்பத்திரிகளில் காயத்தைச் சுற்றுகிற பேண்டேஜ் துணி நெய்கிறோம். நீரோட்டம் பார்க்க வந்தவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காடு முழுக்க நடந்தார். தேங்காய் அசையவில்லை, தண்ணீர் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கால் படாத மூலையில் நான் போர்வெல் போட்டேன். எந்தக் கோடையிலும் அது என்னைக் கைவிட்டதில்லை. எங்கள் கிறிஸ்தவ சபைக் கோவிலின் சுற்றுச்சுவர் மழைக்கு மழை சாய்ந்துகொண்டிருந்தது. கடைசியாக நான் பக்கத்தில் நின்று கட்டவைத்தது இன்னும் நிற்கிறது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். என் பிள்ளைகள் பேசுகிற இங்கிலீஷில் எனக்குப் பாதிதான் விளங்கும். எனக்கு விளங்காத அந்தப் பாதியும் நான் சம்பாதித்துப் படிக்கவைத்ததுதான்.

இந்த வரிசையில் கடைசியாக ஒன்றைச் சேர்க்கிறேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு புட்டி எண்ணெய். சவரம் செய்யும் முன் முகத்தில் தடவுவது. தறியைப் பற்றியும் சுவரைப் பற்றியும் எவனும் என்னோடு வழக்குக்கு வரவில்லை. இந்தப் புட்டியில்தான் என் பங்கு இல்லாமல் போய்விட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு ஒரே அண்ணன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் எடுத்து அங்கேயே வீடு கட்டி உட்கார்ந்துவிட்டார். வீட்டில் ஒருவனைத்தான் படிக்கவைக்க முடியும் என்ற நிலைமையில் அவர் பள்ளிக்கூடம் போனார், நான் தறிக்கு நூல் தார் சுற்றும் கூலி வேலைக்குப் போனேன். அவருக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்தது. உத்தியோகத்தில் இருந்த காலம் முழுக்க, காய்ச்சல் அடித்தாலும் சவரம் செய்யாமல் அவர் வாசலைத் தாண்டியதில்லை. கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார்.

அப்படிப்பட்டவருக்கு இதயத்தில் ஒரு கோளாறு வந்து, அதன் பின்னாலேயே ஒரு லேசான பக்கவாதமும் வந்தது. பேச்சு தப்பித்தது. வலது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனது. ரத்தம் கட்டிவிடாமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரை தின்கிறவருக்குச் சின்னக் கீறல் விழுந்தாலும் ரத்தம் லேசில் நிற்காது. முகத்துக்கு பிளேடு வேண்டாம், மெஷினில் எடுங்கள், வெட்டு மட்டும் விழவே கூடாது என்றார் டாக்டர்.

அண்ணன் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். தங்கச்சி கல்யாணத்துக்காக நீண்ட லீவில் வந்திருந்தான். விலையுயர்ந்த டிரிம்மர் ஒன்று வாங்கி வந்தான். அண்ணனின் கன்னமோ ஒட்டிப்போய் மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது. அந்த மெஷின் மேட்டில் உள்ளதை எடுத்துவிட்டு, பள்ளத்தில் உள்ளதை விட்டுவிடும். அறுத்த சோளக்காடு மாதிரி முகம். மடிப்புக்குள் போனால் முடியைக் கவ்வி இழுக்கும். இரண்டொரு தரம் பார்த்துவிட்டு, கிட்டவே கொண்டு வராதே என்று அண்ணன் சொல்லிவிட்டார். தாடி வளர்ந்தது. வெள்ளைவெளேர் என்று வளர்ந்தது.

நம் பக்கத்தில் நேர்ச்சை, வேண்டுதல் இல்லாதவன் தாடி வைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மதினிக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

"நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், இந்த மனுசன் பொண்டாட்டிய பறிகொடுத்தவரு கணக்கா உக்காந்துருக்காரு. எனக்கே என் மேல சந்தேகமா இருக்கு தம்பி," என்றாள்.

சிரிக்கத்தான் செய்தேன். ஆனால் சேத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஒரு நாள் வந்தார்கள். அண்ணனைப் பார்த்ததும் அவர்களில் ஒரு பெரியவர் குரலைத் தாழ்த்தி, "வீட்ல துக்கம் ஏதும் உண்டுமா?" என்று கேட்டுவிட்டார். மதினி காபித் தம்ளர்களோடு அப்படியே நின்றுவிட்டாள். அவர்கள் போன பிறகு அண்ணன் சொன்னார்.

"ஏலே, இந்த மூஞ்சியோட நான் கோவில்ல பிள்ளைய கைப்பிடிச்சு நடக்க மாட்டேன். நீ கூட்டிட்டுப் போயிரு. நீயும் அவளுக்கு அப்பன்தான."

உள்ளறையிலிருந்து அந்தப் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. மகளைக் கையில் பிடித்து கோவிலின் ஆல்டர் மேடை வரைக்கும் நடப்பது ஒரு தகப்பனுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று சபைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் மூன்று தரம் நடந்தவன். என் அண்ணனுக்கு இருப்பது இந்த ஒரு மகள்.

மறுநாளே ரேசரும் சோப்புமாக நான் பஸ் ஏறினேன். டாக்டர் வேண்டாம் என்றது எனக்கு நினைவிருந்தது. ஆனால் என் காதில் நின்றது, வெட்டு விழக் கூடாது என்ற சொல்தான். விழாமல் செய்தால் போயிற்று என்று நினைத்தேன். என் கை இழையறுந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடுகிற கை. அந்தத் தைரியம்.

தாடை மடிப்பில் ஒரு கீறல் விழுந்தது. ஒரு அரிசி நீளம்கூட இல்லை. ரத்தம் நிற்கவில்லை. பையில் எப்போதும் கிடக்கிற என் பேண்டேஜ் துணிச் சுருளை எடுத்து அழுத்தினேன். சிவந்தது. மடித்து அழுத்தினேன். அதுவும் சிவந்தது. எத்தனையோ ஊருக்கு அந்தத் துணியை அனுப்பியிருக்கிறேன். அது எதற்கு என்பது அன்றைக்குத்தான் என் விரலுக்குத் தெரிந்தது. மதியச் சோறு தட்டிலேயே ஆறிப்போனது. அண்ணன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ரத்தம் ஒரு வழியாக நின்றபோது அண்ணன் மகன் உள்ளே வந்தான்.

"சித்தப்பா, நீங்க தறிய பாருங்க, துணிய பாருங்க. எங்க அப்பா கழுத்துப் பக்கம் வராதிய."

"ஏலே, அவன ஏசாத. என் தோலு அப்படி," என்றார் அண்ணன்.

"தோலு அப்படின்னு தெரிஞ்சுதான மெஷின் வாங்கியாந்தேன்."

அவன் சொன்னதில் தப்பில்லை. பெற்றவனுக்காகப் பேசினான். ஆனாலும் அந்தச் சொல் பஸ்ஸில் வீடு வரைக்கும் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது.

அண்ணன் வீட்டில் கை கழுவும்போது ஒன்றைப் பார்த்திருந்தேன். அண்ணன் மகனுடைய சவரச் சாமான்களோடு ஒரு சின்னப் புட்டி. கேட்டதற்கு, சவரத்துக்கு முன்னால் தடவுகிற எண்ணெய், வெளிநாட்டுச் சரக்கு என்று மதினி சொன்னாள். அதை அண்ணனுக்கு ஒரு நாள் தடவியதில் சென்ட் ஒத்துக்கொள்ளாமல் கழுத்தெல்லாம் தடித்துவிட்டதாம். மூடியைத் திறந்து மோந்தேன். மேலே என்னென்னவோ பூ வாசனை. அடியில் எனக்குத் தெரிந்த வாசனை ஒன்று இருந்தது. விளக்கெண்ணெய்.

வீட்டுக்கு வரும்போதே எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. ரேசர் வெட்டுவது கூர்மையால் அல்ல, தடுக்கி நிற்பதால். தறியில் இழை அறுவதும் அப்படித்தான். வழுக்கிக்கொண்டு போனால் அறாது. விளக்கெண்ணெய்க்கு வழுக்கு உண்டு, ஆனால் அது பிசுக்கு. அதைத் தளர்த்தத் தேங்காயெண்ணெய் வேண்டும். சென்ட் கூடாது. குளிர்ச்சிக்கு வெட்டிவேர் போதும்.

சோழபுரத்தில் செக்கு வைத்திருக்கிறவரிடம் இரண்டு எண்ணெயும் வாங்கினேன். ஒரு பங்கு விளக்கெண்ணெய்க்கு மூன்று பங்கு தேங்காயெண்ணெய். அலசி, வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்த வெட்டிவேரை அதில் போட்டேன். அடுப்பில் நேரே வைக்கவில்லை. கொதிக்கிற தண்ணீருக்குள் பாத்திரத்தை இறக்கிச் சூடாக்கினேன்.

என் வீட்டுக்காரி சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்தாள். "பானைத் தண்ணிக்குப் போடுத வேர மூஞ்சிக்குப் போடுதியளாக்கும். ரசம் வைக்கணும், செத்த நேரம் அடுப்ப விடுதியளா?"

"கல்யாணக் காரியம். பொறவு வை."

"கல்யாணக் காரியத்துக்கு எண்ணெய்ச் சட்டி எரியுது. வீட்ல இருக்கவனுக்கு ரசம் இல்ல."

ஆறியதும் வேரையும் மண்ணையும் பிரிக்க வடிகட்டினேன். எங்கள் வீட்டில் வடிகட்டுவதற்குத் துணி தேட வேண்டியதில்லை. தறியிலிருந்து இறங்கிய துண்டு எந்த மூலையிலும் கிடக்கும். ஒன்றை எடுத்து நாலாக மடித்துப் பிழிந்தேன்.

முதலில் என் முகத்தில்தான் போட்டுப் பார்த்தேன். தண்ணீரில் முகத்தை நனைத்து, எண்ணெயைத் தடவி, ரேசரை வைத்தால், அது போகவில்லை. மாவு பிசைந்த கையில் கத்தி பிடித்தது போல ஒட்டியது. பிளேடு அடைத்துக்கொண்டது. என் கன்னமே எரிந்தது. அண்ணன் கன்னமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

எனக்கு வந்த கோபத்துக்குப் புட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே சோழபுரம் போனேன்.

"விளக்கெண்ணெயில என்னத்தய்யா கலந்த?" என்றேன்.

செக்குக்காரர் தன் டின்னிலிருந்து கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் ஊற்றி, வெயிலில் காட்டினார். கண்ணாடியாக இருந்தது. என் புட்டியைப் பக்கத்தில் பிடித்தார். கலங்கல்.

"என் வீட்ட விட்டுப் போகும்போது இது இப்படி இல்ல மொதலாளி. உங்க வீட்டுக்குப் போய்த்தான் கெட்டுப்போச்சு."

கோபத்தை அடக்கிக்கொண்டு அங்கேயே குழாயடியில் என் எண்ணெயை ஒரு சொட்டு விரலில் எடுத்து, நனைத்துத் தேய்த்தேன். மோந்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது. தார் சுற்றப் போன நாளிலிருந்து என் மூக்குக்குள் இருக்கிற வாசனை. கஞ்சி.

நெய்யும்போது நீளவாட்டில் ஓடுகிற பாவு நூல் அறுந்துபோகாமல் இருக்க அதற்குக் கஞ்சி போடுவோம். தறியை விட்டு இறங்குகிற துணியில் அந்தக் கஞ்சி காய்ந்து உட்கார்ந்திருக்கும். துவைத்து வெளுத்த பிறகுதான் அது போகும், பிறகுதான் காயத்துக்கு ஆகும். நான் வெளுக்காத துணியில் எண்ணெயைப் பிழிந்திருக்கிறேன். கஞ்சிப் பொடியும் பஞ்சுத் தும்பும் எண்ணெய்க்குள் போய்விட்டன. தண்ணீர் பட்டதும் முகத்திலேயே கூழ் ஆகிவிட்டது. வேறு வீடாக இருந்தால் பழைய வேட்டியைக் கிழித்திருப்பார்கள், இந்தத் தப்பு நடந்திருக்காது. தறி வைத்திருக்கிறவன் வீட்டில்தான் நடக்கும். அதைக் கண்டுபிடிக்கவும் தறி வைத்திருக்கிறவன் மூக்குதான் வேண்டும். செக்குக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு இன்னொரு புட்டி ஊற்றித் தந்தார்.

இரண்டாம் தரம் வெளுத்த துணியை வெந்நீரில் அலசிக் காயவைத்து வடித்தேன். பிழியவில்லை. தானாகச் சொட்டட்டும் என்று கட்டித் தொங்கவிட்டேன். வடிந்த எண்ணெய்க்கு அடியில் புட்டியின் தரை தெரிந்தது. என் முகத்தில் போட்டேன். பிறகு தறி ஓட்டுகிற ஆள் ஒருவரை உட்காரவைத்தேன். அவருடைய தாடி கம்பி.

"மொதலாளி, கழுத்த கோழி பிடிக்க மாதிரி பிடிக்காதிய. நெசமாவே சேவிங்தானா?" என்றார்.

கொட்டகையே சிரித்தது. ஒரு கீறல் இல்லை. அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டே தறிக்குப் போனார்.

இதற்குப் பிறகும் அண்ணன் முகத்தில் கை வைக்க எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அண்ணன் மகன் ஆலங்குளம் பக்கம் சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்கப் போன அன்றைக்கு மதினி போன் பண்ணினாள். போனேன்.

"நான் வாசல்ல நிக்கேன் தம்பி. அவன் வண்டி வந்தா இருமுதேன். நீங்க கத்திய எடுத்துருங்க."

வெந்நீரில் நனைத்த துணியை அண்ணன் முகத்தில் போட்டேன். துணியை எடுத்துவிட்டு எண்ணெயைத் தடவினேன், தேய்க்காமல், ஒற்றி ஒற்றி. எண்ணெய் மயிர்க்காலுக்குள் இறங்கட்டும் என்று காத்திருந்தேன். அவர் தோல் வெங்காயச் சருகு மாதிரி இருந்தது. புது பிளேடு. நீண்ட முடியை முதலில் கத்தரியால் எடுத்தேன். பிறகு முடி படிந்திருக்கிற போக்கிலேயே, இடது கையால் மடிப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கீழாக. எதிர்ப்போக்கில் ஒரு இழுப்புக்கூட இல்லை.

தொண்டைக்குழியில் பிளேடு இருக்கும்போது மதினி இருமினாள்.

கையை எடுத்தேன். பார்த்தால் பால்காரர்.

"ஏட்டி, பாலுக்கு எதுக்கு இருமுத?" என்றார் அண்ணன், வாயை அசைக்காமல்.

"வண்டிச் சத்தம் கேட்டா இருமச் சொன்னாவ. இருமுனேன்."

அவர் சிரிக்காமல் இருக்க நான் தாடையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. முடித்துத் துடைத்தபோது துணி வெள்ளையாகவே வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெள்ளை. நான் கண்ணாடியைக் காட்டினேன். அண்ணன் இடது கையைத் தூக்கிக் கன்னத்தைத் தடவினார், அந்தக் காலத்தில் செருப்பு மாட்டும் முன் தடவுவாரே, அதே மாதிரி. மதினி உள்ளே வந்து பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வந்த அண்ணன் மகன் தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தானாம். கிட்டப் போய்க் கழுத்தைச் சோதித்தானாம். மெஷினிலா என்று கேட்டதற்கு, ஆமா என்று சொல்லியிருக்கிறாள் மதினி. வீட்டில் சண்டை வேண்டாம் என்று சொன்ன பொய். அது அங்கேயே வேர் பிடித்துவிட்டது.

கல்யாணம் வரைக்கும் அவன் வெளியே போன வேளை பார்த்துப் போனேன். கல்யாணத்தன்று விடியற்காலையிலும் நான்தான். அவன் கோவிலில் பூ அலங்காரம் பார்க்கப் போயிருந்தான். பட்டுச்சட்டை பக்கத்தில் விரித்துக் கிடந்தது. ஒரு சொட்டு விழுந்தாலும் சட்டை போகும், அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போவார், கல்யாணம் நிற்கும். "நடுங்காம செய்லே, நான் ஓடியா போகப் போறேன்," என்றார் அவர். செய்தேன். சுத்தமான முகத்தோடு, மகள் தோளைத் தாங்க, அவர் கோவில் நடுவில் நடந்து வந்ததை நான் நான்காம் வரிசையிலிருந்து பார்த்தேன். என் கண்ணுக்குப் பிள்ளையின் சேலைகூடத் தெரியவில்லை. அந்தக் கன்னம் மட்டும்தான் தெரிந்தது.

விருந்துக்கு முன்னால் அண்ணன் மகன் மைக்கைப் பிடித்து எல்லோருக்கும் நன்றி சொன்னான். போதகருக்கு, டாக்டருக்கு, சமையல்காரருக்கு, வீட்டுக்கு வந்து அப்பாவின் கையைப் பிடித்துப் பயிற்சி கொடுத்த பையனுக்கு. அவனுக்குத் தெரியாததை அவன் எப்படிச் சொல்வான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். பிறகு சம்பந்தி மேடைக்கு வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் தண்ணீர்த் தம்ளரோடு பின்னால் நின்றேன்.

"மொகம் மாப்பிளைக்குப் போட்டியால்ல இருக்கு சம்மந்தி. யாரு கைவேல?"

அண்ணன் என்னை ஒரு தரம் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"எல்லாம் மகன் பாத்துக்கிட்டான்."

தம்ளரை வைத்துவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன். பிரியாணி போட்டார்கள். என் இலையில் அது அப்படியே கிடந்தது. கூட்டம் கலைந்த பிறகு அண்ணனிடம் கேட்டேன். என்னால் கேட்காமல் இருக்க முடியாது.

"ஏன்ணே, என் பேரச் சொன்னா வாய் வலிக்குமா?"

"அவன் பிழைக்கிறது வெளியூர்ல. சம்மந்தி முன்னால அவனுக்கு ஒரு மதிப்பு வேணும்லா. நீ நம்மாளு. உனக்கு எதுக்குலே சொல்லணும்?"

அவர் அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தார் சுற்றப் போன அன்றைக்கும் நான் நம்மாளுதான். அவர் பரீட்சைக் கட்டணத்துக்கு என் வாரக்கூலி போனபோதும் நம்மாளு. நம்மாளு என்றால் கணக்கில் வராத ஆள் என்று இந்த வயதில் எனக்கு அர்த்தமாகிறது.

மகன் பெங்களூர் போய்விட்டான். டிரிம்மர் அலமாரியில் இருக்கிறது. நான் இன்னும் பஸ் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறேன், பையில் புட்டியோடு. மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். தோல் இன்னும் மெலிந்துவிட்டது. ஒவ்வொரு தரமும் தொண்டைக்குழிக்கு வரும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். என் கண்ணும் முன்னைப்போல் இல்லை. என்றைக்காவது ஒரு நாள் பிளேடு தடுக்கலாம். அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் முழுக்கத் தெரிந்துவிடும், கத்தி பிடித்தது யார் என்று. அப்போது யாரும் நம்மாளு என்று சொல்லி என் பேரை மறைக்க மாட்டார்கள். ரத்தத்துக்கு என் பேர் என்றால், ரத்தம் வராத இத்தனை நாளுக்கும் என் பேர்தானே.

காசு கேட்கவில்லை. மாலையும் கேட்கவில்லை. மகன் அடுத்து ஊருக்கு வரும்போது, அவனையும் சம்பந்தியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் அண்ணன் தன் வாயால் சொல்ல வேண்டும். எண்ணெயை வடித்ததும் நான், கத்தியைப் பிடித்ததும் நான், மகள் கையைப் பிடித்து அவர் கோவிலில் நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு என்று. நாங்கள் இரண்டு பேரும் உயிரோடு இருக்கும்போதே சொல்ல வேண்டும்.